முழங்காலுக்கும் ஒரு லாக் புக்

நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் முன்பெல்லாம் மேடைக்கு முன்னால் ஜமக்காளம் விரித்து, பின்னால் இரண்டு வரிசை நாற்காலி போடுவோம். இப்போது ஜமக்காளத்தில் குழந்தைகள் மட்டும்தான். மற்ற எல்லாரும் நாற்காலிக்குப் போட்டி போடுகிறோம். இளைஞர்களாக நாக்பூருக்கு வந்து சேர்ந்தவர்களின் முழங்கால்களுக்கு வயதாகிவிட்டது. விழா முடிந்து காபி குடிக்கும்போது, "எந்த டாக்டர்? எவ்வளவு ஆச்சு? எத்தனை நாள் பிசியோதெரபி?" என்ற பேச்சுதான் காதில் விழுகிறது. ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை: "பிசியோதெரபிஸ்ட் என்ன எழுதி வைத்தார்?" அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் மருத்துவம் படித்தவன் அல்லன். எலெக்ட்ரிகல் டிப்ளமா முடித்து 1981-ல் ரயில்வேயில் சேர்ந்து, புசாவலிலும் பிறகு அஜ்னி மின்சார லோகோ ஷெட்டிலும் வேலை பார்த்து, 2019-ல் ஓய்வு பெற்றவன். என் மனைவிக்கு நடந்ததை அவளுடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். நடுவில் ஓர் இடம் எனக்கு அவ்வளவு பெருமை தருவதாக இராது. அதை விட்டுவிடலாமா என்று கேட்டேன். "அதை எழுதாவிட்டால் மற்றதையும் எழுத வேண்டாம்" என்றாள்.

2023 நவம்பரில் அவளுக்கு வலது முழங்கால் மூட்டு மாற்று அறுவை நடந்தது. ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தோம். தெரிந்தவர் ஒருவர் சொல்லி, வீட்டுக்கே வரும் பிசியோதெரபிஸ்ட் ஒருவரை ஏற்பாடு செய்தோம். நல்ல பிள்ளை, நேரம் தவறமாட்டார். ஒரு சின்னப் பெட்டியிலிருந்து ஒயர் இழுத்துக் கரன்ட் வைப்பார், காலைப் பிடித்து மடக்குவார், ஐஸ் வைக்கச் சொல்லிவிட்டுப் போவார். "எப்படி இருக்கு?" என்று கேட்டால், "முன்னேற்றம் இருக்கு" என்பார். பதினெட்டு நாள் வந்தார். கடைசியில் அவர் கொடுத்த அட்டையைப் பார்த்தேன். பதினெட்டு டிக், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அன்றைய தொகை. வேறு ஓர் எழுத்து இல்லை. அப்போது அது எனக்குக் குறையாகப் படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

நான்காம் வார முடிவில் அறுவை செய்த டாக்டரிடம் காட்டப் போனோம். முழங்கால் 72 டிகிரிக்கு மேல் மடங்கவில்லை. அவர் முகம் சுருங்கியது. "வீட்டுக்குப் போன அன்று எவ்வளவு மடங்கியது? இரண்டாம் வாரம் எவ்வளவு?" என்று கேட்டார். நான் மனைவியைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். டிஸ்சார்ஜ் காகிதத்தில் "பிசியோதெரபி தொடரவும்" என்று ஒரே வரி. டாக்டர் சொன்ன விஷயம் எளிமையானது. 50-லிருந்து 72-க்கு வந்திருந்தால் கால் மெதுவாகத் தேறுகிறது, பொறுக்கலாம். 80-லிருந்து 72-க்கு இறங்கியிருந்தால் மூட்டுக்குள் தழும்பு இறுகிக்கொண்டிருக்கிறது, பொறுக்கக் கூடாது. இன்றைய 72 என்பதை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டில் எது என்று அவரால் சொல்ல முடியவில்லை. "இன்னும் நான்கு வாரம் பார்ப்போம். 90-ஐத் தாண்டாவிட்டால் மயக்க மருந்து கொடுத்து மடக்க வேண்டியிருக்கும்" என்றார். சர்க்கரை உள்ள உடம்புக்கு இன்னொரு முறை மயக்க மருந்து. ஆட்டோவில் வீடு வரும் வரை இருவரும் பேசவில்லை.

எனக்கு உறைத்தது வேறு. முப்பத்தெட்டு ஆண்டு ரயில்வேயில் நான் செய்த வேலையே அளந்து எழுதுவதுதான். இன்ஜின் சக்கரம் புதிதாக வரும்போது 1092 மில்லிமீட்டர் விட்டம். தேய்ந்து 1016-க்கு வந்தால் கழற்றி எறிய வேண்டும். ஒவ்வொரு ஷெட்யூலிலும் அளந்து, போன முறை எழுதியதற்குப் பக்கத்தில் எழுதுவோம். இன்றைய அளவு மட்டும் தெரிந்தால் போதாது, எவ்வளவு வேகத்தில் தேய்கிறது என்பதும் தெரிய வேண்டும். இரும்புச் சக்கரத்துக்கு இவ்வளவு செய்தவன், வீட்டில் இருக்கும் காலுக்கு ஒரு பழைய டைரியில் கூட எதையும் குறிக்கவில்லை.

நிற்க. மூன்று நாள் கழித்து, டாக்டரே சொல்லியனுப்பிய வேறொரு பிசியோதெரபிஸ்ட் வந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும், மராத்திப் பெண். என்னைக் காகா என்றும் மனைவியைக் காகூ என்றும் கூப்பிட்டாள். முதல் நாள் ஐம்பது நிமிடம் இருந்தாள். அதில் முக்கால்வாசி நேரம் கேட்டாள், அளந்தாள், எழுதினாள். "பணம் கொடுத்து எழுத வைத்துக்கொண்டிருக்கிறோமே" என்று மனைவி என்னிடம் தமிழில் முணுமுணுத்தாள்.

அவள் அளந்ததைச் சொல்கிறேன். கோனியோமீட்டர் என்று இரண்டு கைகள் உள்ள கோணமானி. அதன் அச்சை முழங்காலின் வெளிப்பக்க எலும்பு முட்டில் வைத்து, ஒரு கையை இடுப்புப் பக்கத்து எலும்பை நோக்கியும் மற்றொன்றைக் கணுக்காலின் வெளிமுட்டை நோக்கியும் நிறுத்தினாள். அவளாக மடக்கினால் 68, பிறர் மடக்கினால் 72. நீட்டும்போது கடைசி 12 டிகிரி தன் பலத்தில் நீட்ட முடியவில்லை. தொடைத் தசையின் பலத்தைப் பூஜ்யம் முதல் ஐந்து வரை மதிப்பிடுகிறார்கள். அசைவே இல்லை என்றால் பூஜ்யம், புவியீர்ப்பை எதிர்த்து முழுமையாகத் தூக்கினால் மூன்று, கைகொண்டு அழுத்தினாலும் தாங்கினால் ஐந்து. உலகப் போரில் நரம்பு அறுபட்ட சிப்பாய்களுக்காக 1943-ல் பிரிட்டனில் வகுத்த அளவு என்று பின்னால் படித்தேன். என் மனைவிக்கு மூன்றுக்குச் சற்றுக் கீழே. முழங்கால் சில்லின் நடுவே நாடா வைத்துச் சுற்றளவு: வலது 42.5 சென்டிமீட்டர், இடது 39. பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லிக் கடிகாரம் பார்த்தாள். 24 விநாடி. திடமான மூத்தவர்கள் சுமார் 10 விநாடிக்குள் முடித்துவிடுவார்களாம். கெண்டைக்காலை அழுத்தி வலிக்கிறதா, சூடாக இருக்கிறதா என்று பார்த்தாள். அறுவைக்குப் பிறகு அங்கே இரத்தம் உறைந்துவிட்டால் ஆபத்து என்பதால்.

வலியைக் கேட்டபோதுதான் சிக்கல். எங்கே, எப்போது, எப்படிப்பட்ட வலி, பத்துக்கு எத்தனை என்று ஹிந்தியில் கேட்டாள். என் மனைவிக்குக் கறிகாய்க்காரரிடம் பேரம் பேசும் அளவுக்கு ஹிந்தி நன்றாகவே வரும். ஆனால் உடம்பைச் சொல்ல அவளிடம் இருந்த ஹிந்திச் சொல் ஒன்றே ஒன்று: தர்த். காலையிலும் தர்த், மாடிப்படியிலும் தர்த், ராத்திரியிலும் தர்த். "எப்படிப்பட்ட தர்த்?" என்றால், "பஹுத் தர்த்."

அவள் கேட்பதைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். உடனே கொட்டியது. ராத்திரி எலும்புக்குள்ளே குடைச்சல். மடக்கும்போது முன்பக்கம் இழுத்துப் பிடிக்கிறது. மாலையில் விண்விண்ணென்று தெறிக்கிறது. தழும்புக்கு வெளிப்பக்கம் உள்ளங்கையளவு இடம் மதமதப்பாக, மற்றவர் கால் மாதிரி இருக்கிறது. கடைசியாகச் சொன்னதை எனக்கே அதுவரை சொன்னதில்லை. நரம்பு செத்துப்போய்விட்டது, இனி அந்தக் கால் அவ்வளவுதான் என்று ஒரு மாதமாக மனசுக்குள் பயந்துகொண்டிருந்திருக்கிறாள்.

நான் ஒவ்வொன்றாக ஹிந்தியில் விளக்க, அந்தப் பெண் தனித்தனியாக எழுதிக்கொண்டாள். மதமதப்பைக் கேட்டுச் சிரித்தாள். தோலைக் கீறும்போது சின்ன உணர்ச்சி நரம்புக் கிளை ஒன்று அறுபடுவது இந்த அறுவையில் சகஜம், காலின் பலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பரப்பும் போகப்போகச் சுருங்கலாம் என்றாள். மாலைத் தெறிப்பை வீக்கத்தோடு சேர்த்து எழுதினாள், இழுப்பை மடக்கும் பயிற்சியோடு சேர்த்தாள். ஒரே தர்த் என்று போயிருந்தால் இவ்வளவும் ஒரே கட்டத்துக்குள் ஒரே எண்ணாகப் போயிருக்கும். தமிழ்நாட்டுக்கு வெளியே குடியிருக்கும் நாம் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பிள்ளைகள் கூட இருந்தால் மொழிபெயர்க்கச் சொல்லலாம். ஆனால் பிள்ளைகளுக்கும் குடைச்சலுக்கும் குத்தலுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமே!

அவள் எழுதிய தாள் நான்கு பகுதியாக இருந்தது. நோயாளி சொன்னது, தான் அளந்தது, இரண்டையும் வைத்துத் தான் கருதுவது, இனிச் செய்யப்போவது. ஆங்கிலத்தில் நான்கின் முதலெழுத்தையும் சேர்த்தால் 'சோப்' என்று வரும். லாரன்ஸ் வீட் என்ற அமெரிக்க டாக்டர் வகுத்த முறை. 1968-ல் அவர் எழுதிய கட்டுரைகளுக்குப் பிறகு உலகெங்கும் பரவியது. பார்த்தவுடனே எனக்கு லோகோ ஷெட் ஞாபகம் வந்துவிட்டது. டிரைவர் லாக் புக்கில் "மூன்றாவது மோட்டார் பக்கம் சத்தம்" என்று எழுதுவார். அது அவர் சொன்னது. நாங்கள் அதை நம்பி உடனே மோட்டாரைக் கழற்றமாட்டோம், அலட்சியமும் செய்யமாட்டோம். மெக்கர் வைத்து இன்சுலேஷன் பார்ப்போம், பேரிங்கைப் பார்ப்போம். அது அளந்தது. பேரிங் போய்விட்டது என்று முடிவு கட்டுவது கருதுவது. எந்த ஷெட்யூலில் மாற்றுவது என்பது திட்டம். சத்தம் என்று எழுதியதைக் காணாமல் நேரே பேரிங் மாற்றினேன் என்று எவனாவது எழுதினால், மேலே இருப்பவர் "எதற்கு மாற்றினாய்?" என்று கேட்பார். எழுதிய காரணம் இருந்தால்தான் பதில் இருக்கும்.

திட்டம் போடுவதற்கு முன்னால் மனைவியிடம் அவள் கேட்ட கேள்வி எனக்குப் புதிதாக இருந்தது. "காகூ, இந்தக் கால் சரியானால் முதலில் என்ன செய்ய ஆசை?" நான் குறுக்கிட்டு, "120 டிகிரி" என்றேன். அந்தப் பெண் என் பக்கம் திரும்பவே இல்லை. மனைவி இரண்டு சொன்னாள். ஒன்று, தரையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். இரண்டாவது, சங்கக் கட்டடத்தின் 22 படி ஏறி ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போக வேண்டும். பதினாறு ஆண்டாக அவள் எடுக்கும் வகுப்பு அது. நம் கட்டடத்தில் லிப்ட் இல்லை என்பதும், அதற்காக எத்தனை பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம் என்பதும் வாசகர்களுக்குத் தெரியும்.

முதல் ஆசையைத் திட்டத்தில் சேர்க்கவில்லை. டாக்டர் தரையில் உட்காருவதைத் தடுத்திருக்கிறார், ஆகவே இலக்கு அல்ல, பூஜை அறையில் ஸ்டூல் போடவும் என்று காரணத்தோடு எழுதினாள். இரண்டாவதை எழுதிய விதம்தான் அழகு: பன்னிரண்டு வாரத்துக்குள், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, 22 படி, நடுவில் ஒருமுறைக்கு மேல் நிற்காமல். யார் வந்து பார்த்தாலும் நடந்ததா இல்லையா என்று சொல்லிவிடலாம். 'நன்றாக நடக்க வேண்டும்' என்று எழுதினால் யாராலும் சொல்ல முடியாது. அதற்குள் சின்ன இலக்குகள்: இரண்டு வாரத்தில் 90 டிகிரி, நீட்ட முடியாத 12 டிகிரி ஐந்தாகக் குறைவது, ராத்திரி துணையில்லாமல் குளியலறை போய் வருவது. 90 என்ற எண்ணும் காற்றிலிருந்து வந்ததல்ல. சமதரையில் நடக்க முழங்கால் சுமார் 60 டிகிரி மடங்கினால் போதும். படி ஏறச் சுமார் 80-க்கு மேல் வேண்டும். நாற்காலியிலிருந்து எழ 90-க்கு மேல். என் 120 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2001-ல் வெளியிட்ட ஒரு வகைப்பாடும் இப்படித்தான் பிரிக்கிறது: உடலின் இயக்கம், ஆள் செய்யும் செயல், வாழ்க்கையில் பங்கேற்பு. 72 டிகிரி முதலாவது, படி ஏறுவது இரண்டாவது, தமிழ் வகுப்பு மூன்றாவது.

வேலை தொடங்கியது. ஒரு வாரத்தில் 80, பிறகு 87. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பேரனின் ஜாமெட்ரி பெட்டியிலிருந்து கோணமானியை எடுத்து நானும் தினமும் அளந்தேன். ஒருநாள் 95 வந்தது, மறுநாள் 83. அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். ஒரே ஆள், ஒரே கருவி, ஒரே நிலையில் படுக்க வைத்து அளந்தாலும் நாலைந்து டிகிரி முன்பின் வரும். ஆகவே வாரம் இருமுறை போதும், தினசரி எண்ணைப் பார்த்து மனசை அலைக்கழிக்க வேண்டாம் என்றாள். கேஜ் பிடிக்கும் கை மாறினால் அளவு மாறும் என்பதை நானே எத்தனை அப்ரண்டிஸ் பையன்களுக்குச் சொல்லியிருப்பேன்!

இப்போது அந்த இடம் வருகிறது.

ஏழாம் வாரம் எண்கள் நின்றுபோயின. ஒன்பது நாளில் நான்கு அளவு: 87, 88, 87, 88. டாக்டர் சொன்ன கெடுவுக்கு இன்னும் ஏழு நாள்தான். நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவள் கோணத்தை மட்டும் பார்க்கவில்லை, தாளின் மற்றக் கட்டங்களையும் விரலால் தடவிக்கொண்டே வந்தாள். முழங்கால் சுற்றளவு 41-க்கு இறங்கியிருந்தது, மறுபடி 42.5. ராத்திரிக் குடைச்சல் பத்துக்கு மூன்றாக இருந்தது, ஆறு. நிற்பது கோணம், ஏறுவது வீக்கமும் வலியும். "காகூ, வீட்டுப் பயிற்சித் தாளைக் கொடுங்கள்" என்றாள்.

வீட்டுப் பயிற்சித் தாள் என்பது சுவரில் ஒட்டியிருந்தது. குதிகாலை இழுத்து மடக்குதல் பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. தொடையை இறுக்கிப் பிடித்தல் பத்து முறை, மூன்று வேளை. டிக் போட்டால் போதும். ஆனால் என் மனைவி வாத்தியார் அல்லவா, டிக் போடாமல் செய்த எண்ணிக்கையை எழுதியிருந்தாள். 25. 25. 30. ஓரத்தில் பொடி எழுத்தில் தமிழில் "இவர் சொன்னதால்."

அந்தப் பெண், "என்ன எழுதியிருக்கிறது காகா?" என்று என்னிடமே கேட்டாள். படித்துச் சொன்னேன். வேறு வழி?

பத்து முறை செய்தால் நல்லது என்றால் இருபத்தைந்து இன்னும் நல்லதுதானே என்பது என் கணக்கு. அவள் முகம் சுளித்தாலும் நானே பக்கத்தில் நின்று எண்ணியிருக்கிறேன். அறுவை ஆன மூட்டு அளவுக்கு மீறினால் வீங்கும், வீங்கினால் மடங்காது, மடங்கவில்லையே என்று இன்னும் அழுத்தினால் இன்னும் வீங்கும். இந்தச் சுற்றுக்குள் அவளைத் தள்ளியது நான்தான். காகிதம் காட்டிக் கொடுத்தது. வாயால் கேட்டிருந்தால், "சொன்னபடி செய்கிறாள்" என்றுதான் நான் சொல்லியிருப்பேன், அதுவும் மனதாரவே.

அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. தாளில் தேதி போட்டு, எண்ணிக்கை அதிகமானதால் வீக்கம் என்று கருதுவதாக எழுதினாள். திட்டத்தை மாற்றினாள்: மூன்று நாளைக்குப் பாதி எண்ணிக்கை, ஐஸ், காலை உயர்த்தி வைத்தல், பிறகு மறுபடி பத்து. கீழே ஒரு வரி சேர்த்து என்னிடம் படிக்கச் சொன்னாள்: எண்ணுவது காகூ மட்டும்.

ஏழாம் நாள் டாக்டரிடம் போனபோது கையில் இரண்டு தாள் இருந்தது. 97 டிகிரி, சுற்றளவு 41. டாக்டர் அரை நிமிடம் தாளைப் பார்த்தார், பிறகுதான் காலைப் பார்த்தார். நடுவில் ஏன் நின்றது என்று கேட்டார். என் மனைவி என்னைச் சுட்டிக் காட்டினாள். அவர் சிரித்துவிட்டு, மயக்க மருந்து தேவையில்லை, இதையே தொடருங்கள் என்றார்.

சங்க நண்பர்கள் நடைமுறையில் என்ன செய்யலாம் என்று கேட்பார்கள். பிசியோதெரபிஸ்ட் வரும் முதல் நாளே தொடக்க அளவுகளையும் இலக்கையும் எழுதி ஒரு நகல் தரச் சொல்லுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் 1950-களின் தொடக்கத்தில் போலியோ குழந்தைகளுக்காக இந்தியாவில் வேரூன்றிய தொழில் இது. பதிவேடு, தரம் இவற்றுக்காக 2021-ல் தனிச் சட்டமும் வந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்த காலத்து ஆவணங்களைப் பொறுத்தவரை, மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று டாக்டர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளே சொல்கின்றன. வீட்டில் செய்யும் பயிற்சியைச் செய்தபடி எழுதுங்கள், செய்திருக்க வேண்டியபடி அல்ல. வலிக்குத் தமிழில் என்ன சொல் வருகிறதோ அதை முதலில் தமிழிலேயே எழுதிக்கொண்டு, பிறகு ஆள் பிடித்து மொழிபெயருங்கள். கெண்டைக்கால் திடீரென்று வீங்கினாலோ, தையல் வாயில் நீர் கசிந்தாலோ தாளில் எழுதிக்கொண்டு உட்கார வேண்டாம், நேரே டாக்டரிடம் போங்கள்.

பன்னிரண்டாம் வாரக் கடைசித் தாளில் மடக்கம் 112, மூன்று மீட்டர் நடை 12 விநாடி. 'நோயாளி சொன்னது' என்ற கட்டத்தை அந்தப் பெண் காலியாக விட்டு, பேனாவை என் மனைவியிடம் கொடுத்தாள். 2024 பிப்ரவரியில் ஒரு ஞாயிறன்று 22 படியும் ஏறிவிட்டு வந்து அவள் அதை நிரப்பினாள்: "பதினான்காம் படியில் ஒருமுறை நின்றேன். வகுப்பில் ஒன்பது பிள்ளைகள் வந்திருந்தார்கள். மதமதப்பு இப்போது எட்டணா அளவுதான்."

இடது முழங்காலும் இப்போது கடமுடா என்கிறது. டாக்டர் இன்னும் நாள் இருக்கிறது என்கிறார். அதற்கென்று ஒரு நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் தேதி போட்டு 118 என்று எழுதியாகிவிட்டது. அளந்தது அந்தப் பெண்தான்.